கொழும்புக் கடையில் வாங்கிய ஈம்ஸ் வடிவக் கதிரை: கவிழ்த்துப் பார்த்து எழுதிய மதிப்பீடு

காலி வீதியை ஒட்டிய தளபாடக் கடைகளில் அண்மைக் காலமாக ஒரு தாழ்ந்த மரக்கதிரை அடிக்கடி கண்ணில் படுகிறது. இருக்கை ஒரு வளைந்த பலகை. முதுகுச் சாய்வு வேறொரு வளைந்த பலகை. முன்கால்கள் இரண்டும் ஒரே பலகையை வளைத்துச் செய்தவை, பின்கால்களும் அவ்வாறே. இவை அனைத்தையும் இணைத்துக்கொண்டு இருக்கையின் அடியிலிருந்து முதுகுவரை ஐந்தாவது பலகை ஒன்று எழுந்து செல்கிறது. மெத்தையோ கைப்பிடியோ கிடையாது. சார்ள்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர் 1940களின் நடுப்பகுதியில் வடிவமைத்த எல்.சி.டபிள்யூ. (‘லவுஞ்ச் செயார் வூட்’, அதாவது ஓய்வாக அமரும் மரக்கதிரை) என்னும் கதிரையின் நகல் இது. அப்படியான ஒன்றை வாங்கி, வெள்ளவத்தையில் கடலிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு தொடர்மாடி வீட்டின் முன்னறையில் ஒரு மழைக்காலமும் ஒரு வெயிற்காலமும் பயன்படுத்திய பின்னரே இதை எழுதுகிறேன். கடையின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. ஏறத்தாழ இதே சரக்கு பல கடைகளில் பல விலைக்கு விற்கப்படுவதால், ஒரு கடையைப் புகழ்வதாலோ பழிப்பதாலோ வாங்குவோருக்குப் பயன் ஏதும் இல்லை.

முதலில் கடைகளின் பெயர்ச் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மரக்கால் பொருத்திய வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரையிலிருந்து சுழலும் அலுவலகக் கதிரைவரை எல்லாவற்றுக்கும் இப்போது கொழும்பில் ‘ஈம்ஸ்’ என்றே பெயர். சில கடைகளில் அதற்கு முன்னால் ‘ஸ்கண்டினேவியன்’ என்ற அடைமொழியும் சேர்ந்துகொள்கிறது. சார்ள்ஸ் ஈம்ஸ் மிசூரி மாநிலத்தின் சென். லூயிஸ் நகரில் பிறந்தவர், ரே கலிபோர்னியாக்காரர், இருவரும் 1941இல் மணமுடித்து லொஸ் ஏஞ்சலிஸில் குடியேறி அங்கேயே தொழில் செய்தவர்கள். அவர்களை நோர்டிக் நாட்டவராக்குவதற்கு விற்பனை வசதியைத் தவிர வேறு காரணம் இல்லை. பின்லாந்தின் அல்வார் ஆல்ற்றோ 1930களின் தொடக்கத்திலேயே பைமியோ காசநோய் மருத்துவமனைக்காக வளைத்த பிளைவூட்டில் புகழ்பெற்ற ஒரு கதிரையைச் செய்திருந்தார் என்பது உண்மை. ஆனால் அது வேறு கதிரை, வேறு பரம்பரை.

இந்தக் கதிரையின் தரத்தை அளக்க வேண்டுமானால், அது ஏன் இந்த வடிவத்தில் பிறந்தது என்பதைச் சற்று அறிந்திருக்க வேண்டும். 1940இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் நடத்திய தளபாட வடிவமைப்புப் போட்டிக்குச் சார்ள்ஸ் ஈம்ஸும் கட்டடக் கலைஞர் ஈரோ சாரினனும் சேர்ந்து, இருக்கையும் முதுகும் ஒன்றாகவே வளைந்து வரும் ஒற்றை ஓட்டுக் கதிரைகளை அனுப்பிப் பரிசு பெற்றார்கள். பரிசு கிடைத்ததேயன்றி அந்த ஒற்றை ஓட்டு வடிவத்தை மலிவாகத் தொழிற்சாலையில் செய்ய முடியவில்லை. மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு, ஒரு தகட்டின் இழை அடுத்த தகட்டின் இழைக்குக் குறுக்காக வரும்படி அடுக்கி, சூடான அச்சில் அழுத்தினால் அது ஒரு திசையில் இலகுவாக வளையும். இரு திசைகளில் ஒரே நேரத்தில் வளைக்க முயன்றால், பந்தின்மேல் சுற்றிய தாளைப்போல ஓரங்கள் மடிந்து சுருங்கும் அல்லது கிழியும். இருக்கையும் முதுகும் சந்திக்கும் இடத்தில்தான் இந்த இடர்ப்பாடு மிகக் கடுமையாகும்.

ஈம்ஸ் தம்பதியர் தங்கள் வாடகை வீட்டிலேயே, சாந்து அச்சும் மின்சூட்டுக் கம்பிகளும் துவிச்சக்கரவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பும் கொண்டு ஓர் அழுத்தப் பொறியைக் கட்டி இதையே மீண்டும் மீண்டும் முயன்றார்கள். இடையில் போர் வந்தது. காலுடைந்த வீரர்களுக்கு அன்று கட்டப்பட்ட உலோகச் சட்டங்கள், தூக்கிச் செல்லும்போது உண்டாகும் அதிர்வைக் குறைக்காமல் கூட்டின. அதற்கு மாற்றாக அவர்கள் பிளைவூட்டில் செய்த கால்தாங்கியை அமெரிக்கக் கடற்படை ஏற்றுக்கொண்டது. போர் முடிவதற்குள் அவ்வகைத் தாங்கிகள் ஏறத்தாழ 1,50,000 செய்யப்பட்டன. அந்தத் தாங்கியில் மரம் மிகவும் வளையும் இடங்களில் துளைகளும் பிளவுகளும் வெட்டிவிடப்பட்டிருக்கும். அழுத்தத்தை அங்கே வெளியே விடுவதற்கான வழி அது. போருக்குப் பின் கதிரைக்குத் திரும்பியபோது அவர்கள் அதற்கும் ஒரு படி மேலே போனார்கள்: சிக்கலான சந்திப்பையே நீக்கிவிட்டு, இருக்கையையும் முதுகையும் இரண்டு துண்டுகளாக்கி, நடுவே இறப்பர் வில்லைகளை வைத்தார்கள். 1946இல் அதே அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்ட கதிரைகள் இவையே. முதலில் எவான்ஸ் என்னும் நிறுவனம் உற்பத்தி செய்தது. 1949இல் உற்பத்தி ஹேர்மன் மில்லர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1950களின் பிற்பகுதியில் நிறுத்தப்பட்ட எல்.சி.டபிள்யூ. 1994இல் மீண்டும் சந்தைக்கு வந்தது. ‘டைம்’ சஞ்சிகை 1999இன் இறுதியில் இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த வடிவமைப்பாக இதைத் தெரிவுசெய்தது.

ஆக, அந்த இறப்பர் வில்லை ஏதோ சிறு உதிரிப்பாகம் அன்று, கதிரையே அதுதான். அசலில் வில்லைகள் இருக்கையின் அடியிலும் முதுகின் பின்புறத்திலும் பலமான பசையால் ஒட்டப்பட்டிருக்கும். வில்லைக்குள்ளேயே பதித்துள்ள உலோகப் பகுதியில்தான் திருகாணி ஏறும். மரத்தைத் துளைத்து முன்புறம் எட்டிப் பார்க்கும் ஆணி ஒன்றுகூட இருக்காது. அமர்ந்தவர் பின்னால் சாயும்போது முதுகுப் பலகை சிறிது திரும்பி அவருடைய முதுகின் சாய்வுக்கு இணங்கும். மெத்தையில்லாத கட்டை மரத்தில் நெடுநேரம் இருக்க முடிவதற்கு இந்த இணக்கமே காரணம்.

நான் வாங்கிய நகலில் இந்த இடமே மிகவும் பலவீனமானது. கடையில் இருந்தபோது கதிரை பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து சில வாரங்களில் முதுகுப் பலகை ‘டக்’ என்று ஓசையிடத் தொடங்கியது. கவிழ்த்து, வில்லைகளைக் கழற்றிப் பார்த்தபோது விவரம் தெரிந்தது: அவை இறப்பர் அல்ல, கடினமான கறுப்புப் பிளாஸ்ரிக், அவற்றினூடாகக் கட்டையான மரத்திருகாணிகள் நேரே பலகைக்குள் முறுக்கப்பட்டிருந்தன. முதுகுப் பலகை மெல்லியது. திருகாணி முன்புறம் வந்துவிடாமல் இருக்க வேண்டுமானால் அது சில மில்லிமீற்றர் ஆழமே பிடிக்க முடியும். ஒவ்வொரு முறை சாயும்போதும் அந்தச் சில மில்லிமீற்றர் மரத்தின்மீது நெம்புகோல் விசை விழுகிறது. வில்லை வளைந்துகொடுக்காததால் விசை முழுவதும் திருகாணியையே பிடுங்குகிறது. துளை பெருத்தால் ஓசை. ஓசை முற்றினால் முதுகுப் பலகை ஒருநாள் கையோடு கழன்று வரும். கடைக்கு அறிவித்தபோது, ஒருவரை அனுப்பி ஆணிகளை இறுக்கித் தருவதாகச் சொன்னார்கள். இறுக்க இறுக்கத் துளை பெருக்கும் இடத்தில் அது தீர்வாகாது.

நேர்மைக்காக ஒன்றைச் சேர்க்க வேண்டும். அசலின் மூட்டும் அழிவற்றதன்று. பழைய கதிரைகளில் காலப்போக்கில் இறப்பர் காய்ந்து இறுகுவதும், பசை விட்டு வில்லை மரத்திலிருந்து பெயர்வதும், சில வேளை மேற்தகட்டையும் உரித்துக்கொண்டு வருவதும் சேகரிப்போர் நன்கறிந்த குறைகள். ஆனால் அது பல பத்தாண்டுகள் உழைத்த பின் வரும் தேய்வு. இங்கே அது கடையிலிருந்து கதிரையோடு கூடவே வருகிறது.

எனது கதிரையை இறுதியில் மொறட்டுவையில் தச்சு வேலை செய்யும் பாஸ் ஒருவர் சரிப்படுத்தினார். பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடையொன்றில் வாங்கிய, இருபுறமும் உலோகத் தகடு பதித்த சிறு இறப்பர் மவுண்ட்களை அவரிடம் கொடுத்தேன். பழைய துளைகளை மரத்தூளும் பசையும் கலந்து அடைத்து, மெருகைச் சுரண்டி வெறும் மரம் தெரியவைத்து, மவுண்ட்களின் ஒரு பக்கத்தை எபொக்சிப் பசையால் பலகையில் ஒட்டி, மறுபக்கத்தை நட்டும் போல்ட்டும் கொண்டு நடுப்பலகையில் பொருத்தினார். பழைய பிளாஸ்ரிக்கைவிட இவை சற்று உயரமானவை என்பதால் முதுகு ஒரு விரற்கடை முன்னால் வந்துவிட்டது. அதைத் தவிரக் குறை இல்லை. ஓசை நின்றது மட்டுமன்று, கதிரை இருப்பதற்கே வேறாகிவிட்டது. கடையில் இருந்தபோது சாய்ந்த முதுகை மரம் தள்ளியது. இப்போது மரம் கூடவே சாய்கிறது. இந்த வேலைக்குச் செலவான தொகை கதிரையின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். உற்பத்தி செய்தவர் முதலிலேயே செய்திருந்தால் இன்னும் சொற்பமாக முடிந்திருக்கும் என்பதுதான் எரிச்சலூட்டுகிறது.

பலகையைப் பொறுத்தவரை என் கருத்து அவ்வளவு கடுமையானதன்று. விளிம்பை உற்றுப் பார்த்தால் தகடுகளின் அடுக்கு ஒழுங்காகவே தெரிகிறது. இடைவெளியோ மரத்தூள் இட்டு நிரப்பிய குழியோ இல்லை. வளைவுகள் சுத்தமாக உள்ளன. இருக்கையின் முன்விளிம்பு தொடையை அழுத்தாமல் கீழ்நோக்கி வழிகிறது. மேற்தகடு வால்நட் என்று சொல்லி விற்கப்படுகிறது. அடிப்பக்கத்தில் சாயம் சரியாக ஏறாத மூலையொன்றைப் பார்த்தால், உள்ளே வெளிறிய ஏதோ மரமும் அதன்மேல் வால்நட் நிறமும்தான் இருக்கின்றன. நிறத்தில் அழகு குறையவில்லை. ஆனால் வால்நட்டின் விலையைக் கேட்பது நியாயமாகாது. பசைக்கோடுகள் வெளிறியிருப்பதால், ஈரத்தை நன்கு தாங்கும் பீனோலிக் வகைக்குப் பதில் மலிவான யூரியா வகைப் பசையே பயன்பட்டிருக்க வேண்டும் என்று கருதுகிறேன். தொடக்கத்தில் கண்ணை உறுத்திய, அவ்வகைப் பசை வெளிவிடும் போமல்டிகைட் நெடியும் அதையே சுட்டியது. சாளரங்களைத் திறந்து வைத்திருந்ததில் நெடி அடங்கியது. யூரியாப் பசை கொழும்பின் ஈரக்காற்றுக்கும் வெப்பத்துக்கும் மிக உகந்ததன்று. மழைக்காலத்தில் பால்கனிக் கதவோரம் வைத்திருந்தபோது பின்காலின் தரை தொடும் விளிம்பில் மயிரிழை அளவுக்கு ஒரு தகடு எழும்பியது. நிலத்தை ஈரத்துணியால் துடைக்கும் வழக்கமுள்ள நம் வீடுகளில், கால் நுனிகளுக்கு வாங்கிய அன்றே வார்னிஷ் பூசி அடியில் இறப்பர் துண்டு ஒட்டிவிடுவது நல்லது.

உறவினர் மத்தியில் பிளைவூட்டுக்கு இருக்கும் மதிப்பு எல்லோரும் அறிந்ததே. வீட்டுக்கு வந்த மாமி கதிரையின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது தேயிலைப் பெட்டிப் பலகையெல்லோ? இதுக்கோ இவ்வளவு காசு குடுத்தனீர்?” என்று கேட்டார். தேக்கையும் பலாவையும் முதிரையையும் எடை பார்த்து மதிப்பிடும் தலைமுறைக்கு அது நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் இந்த நாட்டில் பிளைவூட் என்றால் ஓரங்களில் தகரம் அடித்த தேயிலைப் பெட்டிதான் நினைவுக்கு வரும். 1970களில் பிளைவூட்டுக்கென்று சிங்கராஜ வனத்தில் மரம் வெட்டத் தொடங்கி, எதிர்ப்புக் கிளம்பியதன் பின் 1977இல் அது நிறுத்தப்பட்டதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாமிக்குச் சொன்ன பதிலை இங்கும் சொல்கிறேன்: இந்த வளைவைத் தேக்குக் கட்டையில் செதுக்கினால் இழை குறுக்கே வெட்டுப்பட்டு மெல்லிய இடத்தில் முறியும்; முறியாமலிருக்கத் தடிப்பாகச் செய்தால் இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும். இந்தக் கதிரையை ஒரு கையால் தூக்கிச் சாளரத்தடிக்குக் கொண்டுபோகலாம். மாமிக்கு அந்தப் பதிலில் முழுத் திருப்தி இல்லை.

அவருடைய இன்னொரு முறைப்பாட்டுக்கு என்னிடம் பதிலே இல்லை. அசலில் இருக்கையின் உயரம் ஏறத்தாழ 15.5 அங்குலம், இந்த நகலும் அதையே பின்பற்றுகிறது. இருக்கை பின்னோக்கிச் சாய்ந்தும் இருப்பதால் உட்காரும் இடம் அதைவிடத் தாழ்வாகும். கைப்பிடியும் இல்லை. முழங்கால் நோவுள்ள ஒருவர் இதிலிருந்து எழ வேண்டுமானால் பக்கத்தில் ஒரு மேசையோ ஒரு பேரப்பிள்ளையோ தேவை. சாய்மனைக் கதிரையும் தாழ்ந்ததுதான், ஆனால் அதன் நீண்ட கைச்சட்டங்களை ஊன்றி எழும்பலாம். ஆகவே முதியவர்கள் அதிகம் அமரும் முன்னறைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இதன் சகோதரமான டி.சி.டபிள்யூ. என்னும் உணவுமேசைக் கதிரையின் இருக்கை ஏறத்தாழ 18 அங்குல உயரத்தில் நிற்கும். அதே ஐந்து துண்டு அமைப்பு, அதே வில்லைகள். கொழும்புக் கடைகளில் அது அரிதாகவே தென்படுகிறது என்றாலும் கேட்டால் தருவித்துக் கொடுக்கிறார்கள்.

வாசிப்பதற்கும் தேநீர் அருந்திக்கொண்டு பேசியிருப்பதற்கும் இது மிக நல்ல கதிரை. மடிக்கணினியில் வேலை செய்வதற்கு உதவாது; உடல் பின்னால் சாய்ந்திருக்கும்போது கைகள் முன்னால் நீள வேண்டியிருக்கும். புழுக்கமான பிற்பகலில், மின்விசிறியின் காற்று இருக்கைக்கும் முதுகுக்கும் இடையிலுள்ள வெளியால் ஊடுருவிச் செல்வது தோல் மெத்தைச் சோபாவில் கிடைக்காத சுகம். கலிபோர்னியாவில் இதை நினைத்து வடிவமைத்திருப்பார்கள் என்று தோன்றவில்லை. ஆயினும் கொழும்பில் இக்கதிரையின் மிகப் பெரிய நன்மை அதுவே.

விலை ஓர் இலட்சம் ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. அனுமதி பெற்ற அசல் கதிரை வெளிநாட்டில் ஆயிரம் அமெரிக்க டொலருக்கு மேல் விற்கப்படுகிறது. கப்பற்கூலியும் சுங்கவரியும் சேர்ந்தால் இங்கே எவ்வளவாகும் என்பதை வாசகர் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். அந்த ஒப்பீட்டில் நகல் மலிவாகத் தோன்றும். மொறட்டுவையில் பலாவிலோ மஹோகனியிலோ பிரம்பு பின்னிய ஒரு நல்ல கதிரையைச் சொல்லிச் செய்விக்கும் செலவோடு ஒப்பிட்டால் அப்படித் தோன்றாது. நகலை வாங்குவது முறையா என்ற கேள்வியும் உண்டு. என்னைப் பொறுத்தவரை, அசல் என்று பொய் சொல்லி விற்காதவரை அதில் பெரிய குற்றம் காணவில்லை. ஆனால் நகல் செய்பவர் உருவத்தைப் பிரதி செய்துவிட்டு மூட்டுகளைக் கைவிட்டால், அவர் பிரதி செய்தது கதிரையின் படத்தைத்தான்.

இதே கடைகளில் அருகருகே நிற்கும் வேறு சில பொருட்களையும் இதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். டென்மார்க்கின் ஆர்ன யாக்கப்ஸன் 1952இல் செய்த ‘எறும்பு’க் கதிரையும் 1955இல் செய்த ‘ஏழாம் வரிசை’க் கதிரையும் இருக்கையையும் முதுகையும் ஒரே பலகையில் தருபவை. ஈம்ஸ் தம்பதியர் துண்டாக்கித் தீர்த்த சிக்கலை யாக்கப்ஸன், இரண்டும் சந்திக்கும் இடத்தில் பலகையை ஒடுக்கி இடையாக்கித் தீர்த்தார். ஆகவே அவற்றின் நகல்களில் பார்க்க வேண்டியது அந்த ஒடுங்கிய இடையை. மட்டமான தகடுகளால் செய்தவற்றில் விரிசல் அங்கேதான் தொடங்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம் என்பதால் சாப்பாட்டறைக்கு அவை வசதியானவை, விலையும் குறைவு. ஜப்பானின் சோரி யனாகி 1954இல் வடிவமைத்த ‘வண்ணத்துப்பூச்சி’ முக்காலியின் நகலும் இருந்தது. ஒரேமாதிரியான இரண்டு வளைந்த பலகைகளை ஓர் உலோகக் கம்பியால் இணைத்தது அது. கழலக்கூடியது அநேகமாக ஒன்றும் இல்லை என்பதால், நகல்களில் மிகக் குறைவாக ஏமாற்றுவது அதுவே என்பேன். முதுகு சாய்க்க முடியாது என்பது வேறு விடயம்.

எல்.சி.டபிள்யூ. நகலை வாங்கத் தீர்மானித்தவர்கள் கடையில் கதிரையைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள். வில்லையை நகத்தால் அழுத்துங்கள். நகம் சிறிதேனும் பதிய வேண்டும். முதுகுப் பலகையின் இரு விளிம்புகளையும் பிடித்து மெல்லத் திருகினால் ஓசையின்றிச் சற்றுத் திரும்பி, விட்டதும் பழைய நிலைக்கு வர வேண்டும்; அசையாமலே நின்றால் உள்ளே இருப்பது பிளாஸ்ரிக், ஓசையோடு அசைந்தால் திருகாணி ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது. காட்சிக்கு வைத்த கதிரையைச் சோதித்துவிட்டுக் களஞ்சியத்திலிருந்து வேறொன்றைக் கட்டி அனுப்பும் வழக்கம் இருப்பதால், பொதியைப் பிரித்து அதே சோதனையை வீட்டு வாசலிலும் செய்துகொள்ள வேண்டும். உத்தரவாதச் சீட்டையும் படித்துப் பாருங்கள். என்னிடம் உள்ளதில் பலகைக்கும் மெருகுக்கும் ஓராண்டுப் பொறுப்பு எழுதப்பட்டிருக்கிறது. மூட்டுகளும் அவற்றின் பொருத்துகளும் “பாவனையால் தேயும் பகுதிகள்” என்று விலக்கப்பட்டிருக்கின்றன. பணம் கட்டுமுன் அந்த வரியை அடித்துவிட்டு மூட்டுகளையும் சேர்த்து எழுதித் தரும்படி கேளுங்கள்.